விடுதி வைஃபையில் வேகம் எங்கே தொலைகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்கலைக்கழக விடுதிகளில் இரவு ஒன்பது மணிக்கு மேல் இணையம் நகர மறுக்கிறது, நிர்வாகம் இன்னும் வேகமான இணைப்பை வாங்க வேண்டும் என்ற குரல் அடிக்கடி கேட்கிறது. சில இடங்களில் அது நியாயமான கோரிக்கைதான். ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால், ஏரி சிறியது என்று சொல்வதற்கு முன் வாய்க்காலை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். வளாக வலையமைப்பைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர்கள் அப்படி நடந்து பார்த்தால், அடைப்பு பெரும்பாலும் விடுதித் தாழ்வாரத்திலும் அறைகளுக்குள்ளும்தான் தென்படும். அதை எடுத்துவிடுவது மாணவர்களால் முடிகிற காரியம். எப்படி என்று அவர்களுக்கு யாரும் பொறுமையாக விளக்குவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம் சற்று நீண்டுவிட்டது.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் ‘டிஃபால்ட் கேட்வே’ என்று ஒரு முகவரி வரும். அதுதான் உங்கள் விடுதியிலிருந்து வெளியே போகும் முதல் வாசல். அந்த முகவரியைப் பிங் செய்யுங்கள், அதாவது ‘பிங்’ கட்டளையால் ஒரு சிறு செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். விண்டோஸ் தானாக நான்கு முறையோடு நிறுத்திவிடும். ஐம்பது முறையாவது போகவிட்டுப் பாருங்கள். பிறகு வெளியே இருக்கும் ஏதாவது ஒரு முகவரியை அதேபோல் பிங் செய்யுங்கள். வாசல் வரைக்கும் 2, 5 மில்லிவினாடியில் பதில் சீராக வந்து, வெளியே மட்டும் தடுமாறினால், வெளி இணைப்பின் மீது தாராளமாகப் புகார் சொல்லலாம். வாசலிடமிருந்தே பதில் 100, 200 மில்லிவினாடி என்று குதித்தாலோ, நடுநடுவே காணாமல் போனாலோ, எவ்வளவு பெரிய இணைப்பை வாங்கிப் போட்டாலும் அந்த அறைக்கு ஒரு பயனும் இல்லை. கோளாறு உங்களுக்கும், வைஃபை அலையைப் பரப்பச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டியான ஆக்சஸ் பாயிண்டுக்கும் நடுவே இருக்கிறது.

அங்கே என்ன நடக்கிறது? வைஃபையைத் தண்ணீர்க் குழாய் போல நினைப்பதால்தான் குழப்பம். ஒரே மைக்கை வைத்துக்கொண்டு நாற்பது பேர் முறை வைத்துப் பேசும் கூட்டம் அது. ஒரு சேனலில், அதாவது ஓர் அலைத்தடத்தில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேசலாம், மற்றவை காது கொடுத்துக் காத்திருக்க வேண்டும். வைஃபை 6 இந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறதே தவிர அடிப்படை மாறவில்லை. ஆகவே எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வது நேரத்தை. கணக்கைப் பாருங்கள்: 1,500 பைட் உள்ள ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) என்பது 12,000 பிட். ஆக்சஸ் பாயிண்டுக்குப் பக்கத்தில் 300 மெகாபிட் வேகத்தில் இணைந்த லேப்டாப் அதை 40 மைக்ரோவினாடியில் அனுப்பிவிடும். இரண்டு சுவர் தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு, 6 மெகாபிட் வேகத்தில் தொற்றிக்கொண்டிருக்கும் போனுக்கு அதே பாக்கெட்டை அனுப்ப 2,000 மைக்ரோவினாடி வேண்டும். ஐம்பது மடங்கு. மூலை அறையில் ஓடும் ஒரு வீடியோ, பக்கத்து அறைகளில் ஐம்பது பேருக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தை விழுங்கிவிடும். அந்த மாணவர் எந்தத் தவறும் செய்யவில்லை, உட்கார்ந்த இடம்தான் சரியில்லை. பெரிய கோப்பை இறக்கவோ நீண்ட வீடியோ அழைப்பு பேசவோ வேண்டியிருந்தால் ஆக்சஸ் பாயிண்ட் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்து செய்தால், தனக்கும் வேகம், தாழ்வாரத்துக்கும் வேகம்.

அதைவிட மோசமானது, யாருமே பயன்படுத்தாமல் சும்மா ஓடிக்கொண்டிருக்கும் ஹாட்ஸ்பாட். ஆக்சஸ் பாயிண்ட், ஹாட்ஸ்பாட் போல வைஃபை தரும் எந்தக் கருவியும் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று வினாடிக்குப் பத்து முறை போல அறிவித்துக்கொண்டே இருக்கும். வழக்கமான இடைவெளி 102.4 மில்லிவினாடி. பழைய கருவிகளுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக இந்த அறிவிப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பல நேரம் மிகக் குறைந்த வேகமான 1 மெகாபிட்டில் போகிறது. ஓர் அறிவிப்பு 300 பைட் என்று வைத்தால் அதற்கு இரண்டரை மில்லிவினாடி பிடிக்கும். ஒரே சேனலில் இப்படிப் பத்து ஹாட்ஸ்பாட் இருந்தால், யாரும் ஒரு பைட்கூட இறக்காமலேயே வினாடியில் கால்வாசி காலி. இந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு தளத்தில் இருபது ஹாட்ஸ்பாட் ஓடுவது என்னவாகும் என்று புரியும். செய்ய வேண்டியது எளிது: ஹாட்ஸ்பாட்டைத் தேவை முடிந்ததும் அணையுங்கள். பிரிண்டர் வைத்திருப்பவர்கள் அதன் ‘வைஃபை டைரக்ட்’ வசதியை அணையுங்கள், வாங்கிய நாள் முதல் அது தன் பெயரைக் கூவிக்கொண்டே இருக்கும். லேப்டாப் வைஃபை அடாப்டரின் அமைப்பில் ‘பிரிஃபர்ட் பேண்ட்’ என்ற இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். நகராத டெஸ்க்டாப்பைச் சுவரில் உள்ள ஈதர்நெட் துளையில் கேபிளால் இணையுங்கள். கேபிளுக்குப் போகும் ஒவ்வொரு கருவியும் காற்றில் மற்றவர்களுக்கு இடம் விட்டுப் போகிறது.

சொந்த ரவுட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு தாழ்வாரம் முழுக்க ‘இணைந்திருக்கிறது, இணையம் இல்லை’ என்று காட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சாதாரண ரவுட்டரின் பின்புறம் ஐந்து துளைகள் இருக்கும். வேறு நிறத்தில் தனித்திருப்பது வெளி இணைப்பு வந்து சேரும் வான் துளை. மற்ற நான்கும் அறைக்குள் இருக்கும் கருவிகளுக்கான லான் துளைகள். சுவரிலிருந்து வரும் கேபிளை வானுக்குப் பதில் லான் துளையில் செருகிவிட்டால், அந்த ரவுட்டர் தன் அறைக்குள் செய்ய வேண்டிய வேலையைத் தளம் முழுக்கச் செய்யத் தொடங்கும். புதிதாக இணையும் போன் ‘எனக்கு யாராவது ஓர் ஐ.பி. முகவரி கொடுங்கள்’ என்று பொதுவில் கேட்கும். முகவரி வழங்குவதற்கென்றே இருக்கும் பல்கலைக்கழகத்தின் டி.எச்.சி.பி. சர்வரும் பதில் சொல்லும், பக்கத்து அறை ரவுட்டரும் பதில் சொல்லும். பெரும்பாலும் முதலில் வந்த பதிலைத்தான் போன் எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவன் முந்திக்கொள்வான். அவன் கொடுத்த முகவரியில் வெளியே போக வழியே கிடையாது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி: போனிலோ லேப்டாப்பிலோ ஐ.பி. முகவரியைப் பாருங்கள். வளாகத்தில் எல்லோருக்கும் 10 என்று தொடங்கும் முகவரி வருகிற இடத்தில் உங்களுக்கு மட்டும் 192.168.0 அல்லது 192.168.1 என்று வந்திருந்தால், யாரோ ஒருவரின் ரவுட்டர் கொடுத்த முகவரி அது. அந்த ரவுட்டரைப் பிடுங்கிய பிறகும் சிலருக்கு இணையம் வராது. காரணம், முகவரி குத்தகைக்குக் கொடுக்கப்படுகிறது. குத்தகைக் காலம் பல ரவுட்டர்களில் 24 மணி நேரம். வைஃபையை அணைத்து மீண்டும் இணையுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையோடு முதலில் ‘ரிலீஸ்’, பிறகு ‘ரென்யூ’ கொடுங்கள். அறைக் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் என்ற பெட்டியில் டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் என்ற காவலைப் போட்டுவைத்தால் இந்தக் கோளாறு தாழ்வாரத்துக்குப் பரவாது. அதைப் போடாமல் மாணவரை மட்டும் குற்றவாளியாக்கும் நிர்வாகங்களும் உண்டு, அது சரியில்லை. ஆனால் கேபிளைச் சரியான துளையில் செருகினாலும் காற்றில் இன்னொரு கூச்சல் கூடுகிறது என்பது மாறாது. விதி அனுமதிக்காத இடத்தில் ரவுட்டர் வைக்கவே வேண்டாம். அனுமதி இருந்தால் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோட்’ என்பதில் போட்டு, டி.எச்.சி.பி.யை அணைத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்து வையுங்கள்.

கேபிளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மேசைக்கு அடியில் தொங்கும் கேபிளின் மறுமுனையை ‘எதற்கு வீணாகக் கிடக்கிறது’ என்று பக்கத்துத் துளையிலேயே செருகிவிடுவது. ஐ.பி. பாக்கெட்டுக்கு ஆயுள் கணக்கு உண்டு, இத்தனை ரவுட்டரைத் தாண்டியதும் அழிந்துவிடும். அதைக் கேபிளில் சுமந்து செல்லும் ஈதர்நெட் சட்டகத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. வளையத்துக்குள் மாட்டிய ஒரு பொது அறிவிப்பு சுற்றிச் சுற்றிப் பெருகி, சில வினாடிகளில் தளத்தையே முடக்கிவிடும். இதைத் தடுக்கத்தான் 1985-இல் கணினி அறிவியலாளர் ரேடியா பெர்ல்மன், வளையம் உண்டாகாதபடி பாதைகளை அடைக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையை உருவாக்கினார். இன்றைய ஸ்விட்சுகள் வளையத்தை உணர்ந்ததும் அந்தத் துளையை மூடிவிடுகின்றன. ‘என் அறைத் துளை திடீரென்று செத்துவிட்டது’ என்ற புகாரில் கணிசமானவற்றுக்கு இதுவே காரணம். வளையத்தை எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், திறந்துவிடுவார்கள்.

இறக்குவதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். வலையமைப்பைத் தள்ளாட வைப்பதில் ஏற்றுவதற்கும் பெரிய பங்கு உண்டு. எதையாவது இறக்கும்போது, ‘வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு’ என்ற ஒப்புகைச் செய்தி எதிர்த்திசையில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஏற்றும் பாதை நிரம்பி வழிந்தால் அந்த ஒப்புகைகள் வரிசையில் சிக்கி, இறக்குவதும் மந்தமாகிவிடும்; வீடியோ அழைப்பில் உங்கள் குரல் துண்டு துண்டாகப் போகும். மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் அறைக்குத் திரும்பியதும், ஆயிரம் போன்கள் அன்றைய படங்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்குகின்றன. யாரும் பொத்தானை அழுத்துவதில்லை, அதனால் யாருக்கும் தெரிவதில்லை. வீடியோவைத் தானாக ஏற்றும் வசதியை அணைத்துவிட்டு, வேண்டும்போது நீங்களே ஏற்றிக்கொள்ளுங்கள். விண்டோஸில் வளாக வைஃபையை ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்று குறித்துவிட்டால் பெரும்பாலான அப்டேட்டுகள் காத்திருக்கும். வாரம் ஒருமுறை பின்னிரவில் மறக்காமல் அப்டேட் செய்துகொள்ள வேண்டும், பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போடக் கூடாது.

கோப்பைப் பயனர்கள் தங்களுக்குள் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும் டாரண்டும் இதே ரகம். இறக்கி முடித்த பிறகும் அது மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். அதோடு ஒரு டாரண்ட் நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஒரே நேரத்தில் திறக்கும். வளாகமே சில பொது ஐ.பி. முகவரிகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஒவ்வோர் இணைப்பையும் பிரித்தறிய உதவும் போர்ட் எண்கள் ஒரு முகவரிக்கு 65,536 மட்டுமே. நூறு பேர் இப்படித் திறந்தால், வேகம் மீதமிருக்கும்போதே மற்றவர்களுக்குப் பக்கம் திறக்காது. காப்புரிமை மீறல் வேறு கதை: அறிவிப்பு பல்கலைக்கழகத்துக்கு வரும், முகவரியும் நேரமும் போர்ட் எண்ணும் இருந்தால் கணக்கின் பெயர் வரை பதிவேட்டில் கிடைக்கும். லினக்ஸ் போன்றவற்றைச் சட்டப்படி டாரண்டில் இறக்குவதில் குற்றமில்லை. இணைப்பு எண்ணிக்கையை 50-க்குள் வைத்து, ஏற்றும் வேகத்துக்கு வரம்பு போட்டு, அதிகாலைக்கு ஒத்திவைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை.

வீடியோவுக்கு ஒரு சிறு கணக்கு: 1080 தரத்துக்கு 5 மெகாபிட் வேண்டும் என்று வைத்தால், 1 கிகாபிட் இணைப்பில் 200 பேர்தான் ஒரே நேரத்தில் பார்க்கலாம். போன் திரையில் 480 தரமே போதும். 100 ஜி.பி. கேமை 100 மெகாபிட் வேகத்தில் இறக்க 2 மணி 13 நிமிடம் ஆகும், அதை ஏன் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டும்?

இனி கடவுச்சொல். பல வளாகங்களில் வைஃபைக்குப் பொதுக் கடவுச்சொல் கிடையாது. ஒவ்வொருவரும் தன் பெயரிலேயே நுழைய வேண்டும். 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் செயல்படும், கல்வி நிறுவனங்களுக்கான எடுரோம் வைஃபை சேவை இந்த முறையில்தான் நடக்கிறது. நண்பருக்கு உங்கள் கணக்கைக் கொடுத்தால் அவர் செய்வதெல்லாம் உங்கள் பெயரில் பதிவாகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று: போனில் இணைக்கும்போது, எதிரே இருப்பது உண்மையான சர்வர்தானா என்று பார்க்க உதவும் ‘சி.ஏ. சர்டிஃபிகேட்’ என்ற இடத்தில் ‘சரிபார்க்க வேண்டாம்’ என்று தேர்ந்தெடுத்தால், அதே பெயரில் யாராவது ஒரு போலி ஆக்சஸ் பாயிண்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தால்கூட உங்கள் போன் அதனிடம் கடவுச்சொல்லுக்கான சான்றை ஒப்படைத்துவிடும். புதிய ஆண்ட்ராய்டுகளில் இந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவருகிறது, பழையவற்றில் இன்னும் இருக்கிறது. பல்கலைக்கழகம் தரும் அமைப்புச் செயலி இருந்தால் அதன் வழியாகவே இணையுங்கள். கையால் இணைத்தால் சான்றிதழையும் சர்வரின் டொமைன் பெயரையும் கட்டாயம் நிரப்புங்கள்.

கடவுச்சொல்லை மாற்றும்போதும் ஒரு வரிசை உண்டு. லேப்டாப்பில் மட்டும் மாற்றிவிட்டு இருந்தால், பையில் இருக்கும் போனும் அலமாரியில் கிடக்கும் டேப்லெட்டும் பழைய கடவுச்சொல்லை வைத்துக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கு பூட்டிக்கொள்ளும், திறந்தால் மறுபடி பூட்டும். முதலில் எல்லாக் கருவிகளிலும் அந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ செய்யுங்கள், பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள், பிறகு ஒவ்வொன்றாக இணையுங்கள். இந்த வரிசை தெரியாமல் தேர்வு நாளன்று விண்ணப்பப் பக்கத்துக்குள் நுழைய முடியாமல் தவிப்பவர்களைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும்.

கருவியின் மேக் முகவரியை, அதாவது அதன் வலையமைப்பு அடையாள எண்ணைப் பதிவு செய்து அனுமதிக்கும் வளாகங்களில் இன்னொரு சிக்கல். ஆண்ட்ராய்டு 10 முதலும், 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதலும், போன்கள் உண்மையான முகவரிக்குப் பதில் ஒரு தற்காலிக முகவரியைக் காட்டுகின்றன. தனியுரிமைக்கு அது நல்லதே. வளாக வைஃபைக்கு மட்டும் ஐபோனில் ‘ஃபிக்ஸ்ட்’ என்று வைத்து, அந்த முகவரியையே பதிவு செய்யுங்கள். ‘ரொட்டேட்டிங்’ என்று விட்டால் ஒரே போன் பல குத்தகைகளைப் பிடித்துக்கொள்ளும். 254 முகவரி உள்ள ஒரு பிரிவில் அது கடைசியில் வருபவருக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் இலவச வி.பி.என். செயலிகளை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். அவற்றில் சில, உங்கள் லேப்டாப்பையே முன்பின் தெரியாதவர்களின் வெளிவாசலாக்கி, அந்த வழியை விற்றுவிடுகின்றன. அவர்கள் செய்வது உங்கள் கணக்கில் விழும்.

நூலகம் சந்தா கட்டும் ஆய்விதழ்களைப் பற்றி ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளியீட்டாளர்கள் வளாகத்தை அதன் ஐ.பி. முகவரியை வைத்தே அடையாளம் காண்கிறார்கள். ஒருவர் ஸ்கிரிப்ட் (தானாக இயங்கும் சிறு நிரல்) எழுதிக் கட்டுரைகளை அள்ளத் தொடங்கினால் கதவு எல்லோருக்கும் மூடும். 2010 அக்டோபரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. வலையமைப்பிலிருந்து அப்படி நடந்தபோது, ஆய்விதழ்களின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோர் அந்த நிறுவனம் முழுமைக்கும் சில நாள்கள் அணுகலை நிறுத்தியது. ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாதவர்களும் இதில் சிக்கலாம்: மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் ஐந்நூறு பதிவுகளைத் தேர்ந்தெடுத்து ‘பி.டி.எஃப். தேடு’ என்று ஒரே சொடுக்கில் விட்டால், வெளியீட்டாளரின் கண்ணுக்கு அதுவும் ரோபோவாகத்தான் தெரியும். இருபது இருபதாகப் பிரித்து எடுங்கள். பெரிய தரவு வேண்டுமென்றால் நூலகரிடம் கேளுங்கள், அதற்கென்றே ஏ.பி.ஐ. வழி (நிரல்கள் நேரடியாகத் தரவு கேட்டுப் பெறும் வழி) தரும் வெளியீட்டாளர்கள் பலர் உண்டு.

கணினிப் பாதுகாப்பு படிக்கும் மாணவர்கள், எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேட வளாக வலையமைப்பின் மீதே ஸ்கேன் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. ஆர்வம் புரிகிறது. ஆனால் 1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியே விட்ட புழு (கணினியிலிருந்து கணினிக்குத் தானே பரவும் நிரல்), அழிக்கும் நோக்கத்தோடு எழுதப்பட்டதல்ல. ‘ஏற்கெனவே இருக்கிறேன்’ என்று கணினி சொன்னாலும் ஏழில் ஒரு முறை மீண்டும் நுழை என்று அவர் வைத்த ஒரே ஒரு எண், கணினிகளை ஒரே புழுவின் பல நகல்களால் நிரப்பி மூச்சுத் திணற வைத்தது. சோதனைகளை உங்கள் லேப்டாப்பிலேயே விர்ச்சுவல் மெஷின்களை (கணினிக்குள் இயங்கும் மென்பொருள் கணினிகளை) நிறுவி, லேப்டாப்பைத் தாண்டி வெளியே போகாத ‘ஹோஸ்ட் ஒன்லி’ வலையில் செய்யுங்கள். அந்த வலையில் என்ன உடைந்தாலும் உங்களுடையதுதான் உடையும்.

நிர்வாகங்களுக்கும் சொல்ல இருக்கிறது. விதிகளை இருபது பக்கச் சட்ட மொழியில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் ஒருவரும் படிப்பதில்லை. ஒரே பக்கத்தில், ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் காரணத்தோடு எழுதுங்கள். தொலைவில் உள்ள கணினியில் வேலை செய்ய உதவும் எஸ்.எஸ்.எச்., நிரல்களைப் பகிர உதவும் கிட் போன்றவற்றின் போர்ட்களைக் கண்ணை மூடிக்கொண்டு அடைக்காதீர்கள். கணினி மாணவர்களை இலவச வி.பி.என். பக்கம் துரத்துவதே அந்த அடைப்புதான். எதைப் பதிவு செய்கிறீர்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், யார் பார்க்கலாம் என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். எந்தக் கணக்குக்கு எந்த நேரத்தில் எந்த முகவரி கிடைத்தது, பொதுவாக எந்தத் தளத்தின் பெயருக்கு இணைப்பு போனது என்பவை வலையமைப்பில் தெரியும். குறியாக்கம் செய்த பக்கத்தின் உள்ளடக்கம் தெரியாது. இதைச் சொல்லாமல் விடுவதால்தான் ‘எல்லாவற்றையும் படிக்கிறார்கள்’ என்ற பயமும் ‘ஒன்றுமே தெரியாது’ என்ற துணிச்சலும் ஒருசேர வளர்கின்றன. மணிவாரியான பயன்பாட்டு வரைபடத்தை மாணவர்கள் பார்க்கும்படி வையுங்கள். ஒன்பது மணி உச்சத்தை நேரில் பார்த்தால், பெரிய பதிவிறக்கத்தைக் காலை ஐந்து மணிக்குத் தள்ளிவைக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக, புகார் எழுதும் முறை. ‘நெட் வரல’ என்று மட்டும் வந்தால் எந்தத் தளம், எந்த ஆக்சஸ் பாயிண்ட் என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். அறை எண், கோளாறு நடந்த சரியான நேரம், கருவியின் ஐ.பி. முகவரி, வாசலுக்கும் வெளிக்கும் எடுத்த பிங் விவரம், பக்கத்தில் வேறொரு போனிலும் அப்படியா, கேபிளிலும் அப்படியா என்ற இவ்வளவும் இருந்தால், தாழ்வாரத்தில் எந்த அறைக்குப் போய் எந்தக் கேபிளைப் பார்க்க வேண்டும் என்பது பெரும்பாலும் புகாரைப் படிக்கும்போதே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வளாக வலையமைப்புப் பராமரிப்பில் பணிபுரிவோர் சிலர்